மொக்கைப் படம் பார்த்து எழுதுவது எப்படி? 'மேனோஸ்' வைத்து ஒரு பயிற்சி

நல்ல படத்துக்கு விமர்சனம் எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். மொக்கைப் படம் என்றால் "காசு தண்டம்" என்று நாலு வரி திட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் படங்களை மனசாரப் பிடிக்கும். பார்க்கவும் பிடிக்கும், உட்கார்ந்து எழுதவும் பிடிக்கும். எனக்குக் கைகூடிய வழியை, ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்கிறேன். படம், 1966-ல் வெளியான 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்'.

படி 1: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேண்டுமென்றே மொக்கையாக எடுக்கும் படங்கள் இப்போது நிறைய வருகின்றன. அவை வேண்டாம். எடுத்தவர் நல்ல படம் எடுப்பதாக நம்பியிருக்க வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் எழுத விஷயம் கிடைக்கும்.

மேனோஸை எடுத்த ஹரால்ட் வாரன், டெக்சாஸில் எல் பாசோ நகரத்து உர வியாபாரி. தன்னாலும் ஒரு பேய்ப்படம் எடுக்க முடியும் என்று ஒரு திரைக்கதை ஆசிரியரிடம் பந்தயம் கட்டி இறங்கியவர். சுமார் 19,000 டாலர் திரட்டி, உள்ளூர் நாடக நடிகர்களைச் சேர்த்துக்கொண்டு, எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடித்தார். வழி தவறிய ஒரு குடும்பம், ஒரு மர்மக் கூட்டம் வாழும் வீட்டில் இரவு தங்குகிறது. கதை அவ்வளவுதான்.

படி 2: முழுசாகப் பாருங்கள்

'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' என்ற தொலைக்காட்சித் தொடர் 1993-ல் இந்தப் படத்தை ஓடவிட்டுக் கிண்டலடித்தது. படம் பிரபலமானதே அதனால்தான். ஆனால் முதல் தடவை அந்த வடிவத்தைப் பார்க்காதீர்கள். அடுத்தவர் நகைச்சுவை உள்ளே புகுந்துவிட்டால் உங்கள் கண்ணுக்கு வேலை இருக்காது. நிறுத்தாமல், போனைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் கார் போய்க்கொண்டே இருக்கும், வயல்வெளி வந்துகொண்டே இருக்கும். தள்ளிவிடாதீர்கள்.

படி 3: குறிப்பெடுங்கள்

இது இரண்டாம் தடவை பார்க்கும்போது. கணினியில் விஎல்சி பிளேயர் போதும். ஆங்கில 'E' விசையைத் தட்டினால் ஒவ்வொரு பிரேமாக நகரும். குறிப்புக்குப் பேனாவும் நோட்டும்தான் என் தேர்வு. போனில் தட்டினால் கண் திரையை விட்டுப் போய்விடுகிறது. பக்கத்தின் இடது ஓரம் நேரம், வலது பக்கம் கண்ட காட்சி. "கேவலம்", "செம மொக்கை" போன்ற தீர்ப்பு எதுவும் நோட்டில் வரக்கூடாது.

படி 4: காரணத்தைத் தேடுங்கள்

பலரும் நின்றுபோவது இங்கேதான். எனக்கும் இது பிடிபட நாளானது. குறிப்பு இருக்கும், சிரிப்பும் வந்திருக்கும், ஆனால் எழுதினால் வெறும் குறைப்பட்டியலாக நீளும். அதை உடைக்க ஒரே கேள்வி போதும்: இது ஏன் இப்படி ஆனது?

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். துப்பாக்கிச் சத்தம் கேட்டு இரண்டு போலீஸ்காரர்கள் காரை விட்டு இறங்குகிறார்கள். நாலு எட்டு வைக்கிறார்கள். இருட்டைப் பார்க்கிறார்கள். திரும்பக் காரில் ஏறிவிடுகிறார்கள். இதை "லாஜிக் இல்லை" என்று எழுதினால் அங்கேயே முடிந்தது. உண்மையில் படப்பிடிப்பு விளக்கின் வெளிச்சம் அதற்கு மேல் எட்டவில்லை. அந்த நாலு எட்டுதான் அவர்களிடம் இருந்த வெளிச்சத்தின் நீளம். இது தெரிந்தபின் அந்தக் காட்சியை வேறு மாதிரி எழுதுவீர்கள்.

இப்படியே மற்றதையும் கேளுங்கள். ஷாட்டுகள் ஏன் திடீர் திடீரென்று வெட்டுப்படுகின்றன? கையால் சாவி கொடுத்து ஓட்டும் கேமரா. ஒரு தடவைக்கு 32 விநாடிதான் ஓடும். கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஜோடி ஏன் காரிலேயே உட்கார்ந்து முத்தமிட்டுக்கொண்டிருக்கிறது? வேறு வேடத்துக்கு வந்த நடிகைக்குக் கால் அடிபட்டுவிட்டது. அவரை அனுப்ப மனமில்லாமல், உட்கார்ந்தே நடிக்க ஒரு வேடம் உருவாக்கினார்கள். குரல்கள் ஏன் ஒரே மாதிரி இருக்கின்றன? படப்பிடிப்பில் ஒலிப்பதிவே கிடையாது. பிறகு ஒரு சிலர் மட்டும் எல்லோருக்கும் டப்பிங் பேசினார்கள். சிறுமியாக நடித்த குழந்தை, தியேட்டரில் படத்தின் முதல் காட்சிக்குப் போய், தன் வாயசைப்புக்கு வேறு யாரோ குரல் வருவதைக் கேட்டு அழுதுவிட்டாள்.

மற்ற படங்களுக்கும் இதே கேள்விதான். இயக்குநர் எட் வுட்டின் 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' படத்தில் ஒருவர் கடைசிவரை மேலங்கியால் முகத்தை மறைத்துக்கொண்டே வருவார். நடிகர் பெலா லுகோசி 1956-ல் இறந்துபோனார்; அவரை வைத்து எடுத்திருந்தது கொஞ்சம்தான். மிச்சத்துக்கு எட் வுட் தன் மனைவியின் எலும்பு வைத்தியரை நிறுத்தினார். உயரம், முகம் எதுவுமே ஒத்துப்போகாது. நண்பரின் கடைசிக் காட்சிகளைத் திரைக்குக் கொண்டுவர அவருக்குக் கிடைத்த வழி அது.

படி 5: எழுதுங்கள்

கதைச்சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நோட்டிலிருந்து இரண்டு அல்லது மூன்று காட்சிகளை மட்டும் எடுத்து, முதலில் கண்டதை, பிறகு காரணத்தைச் சொல்லுங்கள். நடிகரின் முகம், உடல் பற்றிக் கேலி கூடவே கூடாது. அவர்கள் ஊர்க்காரர்கள், சம்பளத்துக்குப் பதில் லாபத்தில் பங்கு என்ற பேச்சை நம்பி நடித்துக் கொடுத்தவர்கள்.

பின்சேர்க்கை: மேனோஸின் இரவுக் காட்சிகளில் விளக்கைப் பார்த்து வந்து மொய்க்கும் அந்துப்பூச்சிகளை முந்தைய பதிவில் சொல்லியிருந்தேன். "எனக்கு எதுவும் தெரியலையே" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பார்த்தது மங்கிப்போன பழைய பிரதி. 2011-ல் இந்தப் படத்தின் 16 மி.மீ. வேலைப்பிரதி (எடிட்டிங்குக்குப் பயன்படுத்தும் பிரதி) ஒன்று கிடைத்து, அதைச் சுத்தம்செய்து 2015-ல் ப்ளூரேவாக வெளியிட்டார்கள். அதில் பாருங்கள், பூச்சிகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.