ஐகான் வரவில்லையா? சுவிட்சைத் தொடாதீர்கள்

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் பல வீடுகள் ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ ஆட்கள் வந்து திறக்கிறார்கள். அன்றைக்குத்தான் வீட்டுக் கம்ப்யூட்டரையும் யாராவது போடுகிறார்கள். விண்டோஸ் சின்னத்துக்குக் கீழே புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பாஸ்வேர்ட் கேட்கும். அப்புறம் வெறும் வால்பேப்பரோ கறுப்புத் திரையோ வந்து அப்படியே நிற்கும். ஐகான் இல்லை, கீழே ஸ்டார்ட் பட்டன் இருக்கும் டாஸ்க்பாரும் இல்லை. ஐந்து நிமிடத்தில் எனக்குப் போன் வரும்.

இப்படிப் பல வீடுகளுக்குப் போய்ப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் கோளாறு பெரும்பாலும் சின்னதுதான். பதறிப்போய் முதல் அரை மணி நேரத்தில் செய்கிற காரியம்தான் படங்களையும் கணக்குகளையும் கொண்டுபோகிறது.

அதில் முதலாவது, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது, அல்லது சுவரிலேயே சுவிட்சை நிறுத்துவது. மூன்று மாதம் மூடிக் கிடந்த கம்ப்யூட்டரைப் போட்டவுடன் உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் தன் அப்டேட்டைத் தேடுகிறது. ஆன்டிவைரஸ் புதிய பட்டியலை இறக்குகிறது. ஒன்டிரைவ் என்ற ஆன்லைன் சேமிப்பு ஃபைல்களை ஒப்பிடத் தொடங்குகிறது. எல்லாமே ஒரே நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்கின்றன. பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும். நொடிக்கு நூறு இடம் போய்வருவதே அதற்கு அதிகம். ஐகானையும் டாஸ்க்பாரையும் காட்டுகிற எக்ஸ்ப்ளோரர் என்ற புரோகிராமும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அதன் முறை வரும்வரை திரை வெறுமையாகத்தான் இருக்கும்.

கேபினட்டின் முன்பக்கம் ஹார்ட் டிஸ்க்குக்கென்று ஒரு சிறு விளக்கு உண்டு. அது விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அரை மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு மணி நேரம்கூட அப்படியே விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் கரண்டை நிறுத்தினால் அப்டேட் பாதியில் நிற்கும், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடும், அடுத்த முறை இன்னும் மெதுவாக வரும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்துகிற நாளாக இருந்தால் அன்று கம்ப்யூட்டரைத் திறக்கவே வேண்டாம். அணைத்துப் போட்டே ஆக வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் திரையின் வலது கீழ் மூலையில் பவர் சின்னம் இருக்கும். அதில் ரீஸ்டார்ட் கொடுங்கள்.

ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கம்ப்யூட்டரில் ஷட் டவுன் கொடுத்தால் உட்பகுதி அப்படியே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையிலிருந்து எழும். பழைய கோளாறும் கூடவே எழும். பத்துத் தடவை அணைத்துப் போட்டாலும் சரியாகாதது ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாவது இதனால்தான்.

சரி, காத்திருந்தும் வரவில்லை. இப்போது செய்கிற தவறு, எல்லா வெறுமையும் ஒன்று என்று நினைப்பது. வால்பேப்பர் இருக்கிறது, மவுஸ் அம்பு நகர்கிறது, டாஸ்க்பார் மட்டும் இல்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இருந்தால் அதன் மேல் வலது கிளிக் செய்து ரீஸ்டார்ட். இல்லையென்றால் 'ரன் நியூ டாஸ்க்' போய் எக்ஸ்ப்ளோரர் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பல வீடுகளில் என் வேலை இதோடு முடிந்திருக்கிறது. டாஸ்க்பார் இருந்து ஐகான் மட்டும் இல்லையென்றால், திரையின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து 'வியூ' என்பதில் 'ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் கேபிளையும் பாருங்கள். கல்யாண வீடியோ பார்க்க டி.வி.யோடு மாட்டிய எச்.டி.எம்.ஐ. வயர் மாட்டியபடியே இருக்கும். கம்ப்யூட்டர் டி.வி.யை முதல் திரையாக எடுத்துக்கொண்டு ஐகான்களை அங்கே அனுப்பிவிடும். மானிட்டரில் வெறும் படம். வயரைக் கழற்றினால் போதும்.

இதெல்லாம் தெரியாமல் 'எல்லாம் அழிந்துவிட்டது' என்று முடிவுகட்டுவதுதான் என்னை அதிகம் வருத்துகிற தவறு. கானாடுகாத்தான் பக்கம் ஓர் ஆச்சி வீட்டில் நடந்தது இது. டெஸ்க்டாப் புதுக் கம்ப்யூட்டர் போலத் துடைத்துவைத்த மாதிரி வந்தது. "எல்லாம் போச்சு தம்பி, ஒண்ணுமே காணோம்" என்று ஆச்சி சொன்னபோது, பக்கத்து ஊர்க் கடை ஒன்றில் அதை ஃபார்மட் பண்ணி முடித்திருந்தார்கள். அறுபதாங்கல்யாணப் படங்கள், பிள்ளைகளின் ஜாதகங்கள், பத்து வருட மொய்க் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. ஆச்சி சொன்ன அடையாளங்களைக் கேட்டால் அது தற்காலிக புரொஃபைல். உங்கள் கணக்கைத் திறக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு காலி டெஸ்க்டாப்பைத் தரும். தற்காலிக புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று மூலையில் ஓர் அறிவிப்பும் காட்டும். பழைய ஃபைல்கள் சி டிரைவில் யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உங்கள் பெயரிலேயே பத்திரமாக இருக்கும். இரண்டு மூன்று ரீஸ்டார்ட்டில் தானாகச் சரியாவதும் உண்டு. ஆனால் அந்தக் காலி டெஸ்க்டாப்பில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள். வெளியே வந்ததும் அது போய்விடும்.

ஃபார்மட் என்ற சொல்லை யார் சொன்னாலும், காப்பி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். விண்டோஸ் திறக்காவிட்டாலும் எடுக்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டலாம், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் திறக்கலாம். புதிய லேப்டாப்பில் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும். தொடர்ந்து பாதியில் அணைத்தால் வருகிற ரிப்பேர் திரையிலும் கவனம் வேண்டும். அங்கே ரீசெட் கொடுத்தால் 'கீப் மை ஃபைல்ஸ்', 'ரிமூவ் எவ்ரிதிங்' என்று இரண்டு வரும். இரண்டாவது சொன்னபடியே எல்லாவற்றையும் அழிக்கும்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சோதனைப் புரோகிராமை ஓட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அது டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படிக்கவைக்கும். சாகப்போகிற டிஸ்க் அந்த உழைப்பிலேயே நின்றுபோகலாம். முதலில் காப்பி, பிறகு சோதனை.

வேகமாக்குகிறேன் என்று சொல்லும் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதுவும் வேண்டாம். இரண்டு ஆன்டிவைரஸ் வேண்டவே வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய், உங்களுக்குத் தெரிந்த, தேவையில்லாத புரோகிராம்களை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். பெயர் புரியாததைத் தொடாதீர்கள்.

தேதி தவறாகக் காட்டுகிறதா? பூட்டிய வீட்டில் மெயின் நிறுத்தியிருந்தால் மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரிதான் கடிகாரத்தை ஓட்டுகிறது. அது தீர்ந்தால் தேதி பின்னுக்குப் போகும், இணையதளங்கள் திறக்க மறுக்கும், சில கம்ப்யூட்டர்கள் ஆரம்பத்திலேயே எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். ஒரு காசு அளவுப் பேட்டரி, விலையும் குறைவு. இதற்காக யாரும் மதர்போர்டை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவதற்கு முன்பு, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. போட்டுப் பாருங்கள் என்பேன். பழைய டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 முதல் 150 எம்.பி. படித்தால் பழைய டிஸ்க்கின் இடத்திலேயே மாட்டும் சாதாரண சாட்டா வகை எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. வரை படிக்கும். அதைவிட முக்கியம், அதில் ஓட வேண்டிய முள்ளே இல்லை. நான் மாற்றிக்கொடுத்த வீடுகளில் ஐகான் வர ஐந்து நிமிடம் ஆனது அரை நிமிடத்துக்குள் வந்தது. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ஏற்குமா என்று பார்த்துக்கொண்டு செலவு செய்யுங்கள்.

விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டும் முன், அப்டேட் முடிந்ததா என்று பார்த்து, ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுதாக அணையும். பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். படங்களையும் கணக்கையும் ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதை இந்த வீட்டு பீரோவில் வைக்காமல் கையோடு ஊருக்கு எடுத்துப் போங்கள்.