பழுப்பும் சிவப்பும் ஒரே செல்லில் இருக்கிறதா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் முன்நிலை மாற்றத்தைத் தேட, அங்கிருந்து எடுத்த செல்களில் பி16, கீ-67 என்ற இரண்டு புரதங்களுக்கு ஆன்டிபாடி ஸ்டெயின் (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி நிறம் காட்டுவது) போட்டுப் பார்க்கும்போது அதிகம் நடக்கும் தவறு, நிறத்தைக் கண்டதுமே நோய் என்று எழுதிவிடுவது.

பி16 என்பது செல் பெருகாமல் பிரேக் போடும் புரதம். கீ-67, பெருகிக்கொண்டிருக்கும் செல்லில் தெரிவது. ஆரோக்கியமான செல்லில் இரண்டும் சேர்ந்து இருக்காது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி வைரஸின் ஈ7 புரதம், ஆர்பி என்ற காவல் புரதத்தை முடக்கிவிட்டால் கதை மாறுகிறது: பி16 ஏறிக்கொண்டே போகும், செல்லும் பெருகிக்கொண்டே இருக்கும். பரவலாகப் பயன்படும் கிட்டில் பி16 பழுப்பாகவும் கீ-67 உட்கருவில் சிவப்பாகவும் தெரியும். தேட வேண்டியது, இரண்டும் ஒரே செல்லில் இருப்பதை. பழுப்பு மட்டும் என்றால் அது மெட்டாபிளாசியா செல்லாக (ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு இயல்பாக மாறிவரும் செல்) இருக்கலாம். சிவப்பு மட்டும் என்றால், ஆறிவரும் புண்ணின் செல்லாகவோ வெறும் லிம்போசைட்டாகவோ (ஒரு வகை வெள்ளை ரத்த அணு) இருக்கலாம்.

செல்கள் கொத்தாகக் கிடக்கும் இடத்தில்தான் கண் ஏமாறும். மேலே ஒரு பழுப்புச் செல், அடியில் வேறொரு செல்லின் சிவப்பு உட்கரு. பார்த்தால் ஒரே செல் போலவே இருக்கும். ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். அப்படியும் சந்தேகம் தீரவில்லையா? கொத்தின் ஓரத்திலோ தனியாகவோ இருக்கும் செல்லைத் தேடுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. செல்லின் வடிவத்தை வைத்து முடிவு சொல்லும் பாப் ஸ்மியர் பார்த்துப் பழகியவர்கள், உட்கரு பார்க்கச் சாதாரணமாக இருக்கிறதே என்று இரட்டை நிறச் செல்லை விட்டுவிடுவார்கள். இந்தப் பரிசோதனையில் வடிவம் கணக்கில்லை. அப்படி ஒரே ஒரு செல் இருந்தாலும் பாசிட்டிவ்தான்.

அப்புறம், மாதிரி. திரவத்தில் போடுவதற்குள் காய்ந்துபோன செல்லில் ஸ்டெயின் ஒழுங்காக ஏறாது. ரத்தம் கலந்திருந்தால், ரத்தச் செல்களில் இயல்பாகவே இருக்கும் பெராக்சிடேஸ் என்ற நொதியும் பழுப்பு நிறம் தரும். அதைத் தடுக்கும் படியைத் தவிர்க்கக் கூடாது. கன்ட்ரோல் ஸ்லைடு (ஸ்டெயின் சரியாக வேலை செய்ததா என்று காட்டும், முடிவு முன்பே தெரிந்த ஸ்லைடு) இல்லாத பேட்சை நான் படிக்கவே மாட்டேன்.

யாருக்குச் செய்வது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல் இதற்கு அனுமதி கொடுத்தது, எச்பிவி பாசிட்டிவ் ஆனவர்களில் யாரைக் கோல்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயை உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் பரிசோதனை) அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கத்தான். எச்பிவி இல்லாதவருக்கு இது வீண் செலவு. ஆபத்து அதிகமான எச்பிவி 16 அல்லது 18 வகை இருப்பவரோ, ஸ்டெயின் நெகட்டிவ் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அவருக்குக் கோல்போஸ்கோபி வேண்டும்.

பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. முன்நிலை மாற்றம் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். திசுவை எடுத்துப் பார்க்கும் பயாப்சிதான் உறுதிசெய்யும். மற்ற எச்பிவி வகைகள் இருந்து ஸ்டெயின் நெகட்டிவ் ஆனவர் ஓராண்டில் மறுபடி வர வேண்டும். அந்தத் தேதியை ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.