ஊருக்கு ஒரு பொருளாதார ஆலோசனைக் குழுவா? தீர்மானத்தில் எதைப் பார்ப்பது

உங்கள் நகராட்சியில் 'பொருளாதார மேம்பாட்டு ஆலோசனைக் குழு' அமைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால், நல்லதுதானே என்று தலையாட்டிவிடாதீர்கள், வெட்டி வேலை என்று ஒதுக்கியும் விடாதீர்கள். முதலில் நகர்மன்றத்துக்கு வரப்போகும் தீர்மானத்தின் வரைவைக் கையில் வாங்குங்கள். வார்டு கவுன்சிலரிடம் அஜெண்டா இருக்கும், கேட்டால் போனில் படம் எடுத்து அனுப்பிவிடுவார். செய்தித்தாளை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் அதில் வருவது தலைவர் பேசியது, உறுப்பினர்கள் கைதூக்கப் போவது தீர்மானத்தில் எழுதியிருப்பதற்கு.

நான் முதலில் தேடுவது ஒரே ஒரு வரி: குழு ஒரு பரிந்துரை கொடுத்தால் மன்றம் அதை என்ன செய்யும்? 'குழுவின் ஆலோசனைகள் மன்றத்தின் பார்வைக்கு வைக்கப்படும்' என்று முடித்திருந்தால் உஷாராகுங்கள். பார்வைக்கு வைப்பார்கள், பார்ப்பார்கள், கோப்பு மூடிக்கொள்ளும். 'அடுத்த சாதாரணக் கூட்டத்திலேயே விவாதப் பொருளாக வைக்கப்படும், ஏற்காவிட்டால் காரணம் தீர்மானத்தில் பதியப்படும்' என்று மாற்றச் சொல்லுங்கள். குழுவுக்கு அதிகாரம் வேண்டாம், கொடுக்கவும் கூடாது. ஓட்டு வாங்கி வந்தவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும், ஆனால் கேட்ட யோசனைக்குப் பதில் சொல்லும் கடமையாவது அவர்களுக்கு இருக்கட்டும். இந்த ஒரு வரிக்கு மறுப்பு வந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் நான் எதிர்த்துத்தான் பேசுவேன்.

அப்புறம், இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பொருளாதார, சமூக மேம்பாட்டுக்குத் திட்டமிடுவது நகராட்சியின் பணியாக இருக்கலாம் என்று அரசியலமைப்பின் 12-வது அட்டவணையே சொல்கிறது, 74-வது திருத்தத்தில் வந்த 18 பணிகளில் அதுவும் ஒன்று. தமிழ்நாட்டில், வார்டு அளவில் மக்கள் கூடிப் பேசுவதற்கான வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-லேயே விதிகள் வந்துவிட்டன. தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டப்படி நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். உங்கள் ஊரில் இவையெல்லாம் கடைசியாக எப்போது கூடின என்று கேளுங்கள். இருக்கிற குழுவைக் கூட்டாத அலுவலகம் புதுக் குழுவை மட்டும் தவறாமல் கூட்டுமா?

அடுத்தது ஆட்கள். இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்க வேண்டும். 'தகுதியுள்ள பிரமுகர்களைத் தலைவர் நியமிப்பார்' என்று இருந்தால், வரப்போகிறவர்கள் யார் என்று ஊரில் டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்: வணிகர் சங்கத் தலைவர், ஒரு மில் முதலாளி, ஒரு கல்லூரித் தாளாளர், ஒரு ரியல் எஸ்டேட்காரர். கோவில்பட்டி மாதிரி ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டியும் கடலைமிட்டாயும்தான் அந்த ஊரின் அடையாளம், அந்தக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தீப்பெட்டி வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். அவர்களில் ஒருவர்கூட இல்லாமல் அந்த ஊரின் பொருளாதாரத்தைப் பற்றி எந்தக் குழு பேசினாலும் அது பாதிப் பேச்சுதான். ஆலைத் தொழிலாளி, சந்தையில் கடை போடுபவர், ஆட்டோ ஓட்டுநர், சுயஉதவிக் குழுப் பெண் என்று இடங்களைத் தீர்மானத்திலேயே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இது நடக்காத கதை இல்லை. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று சட்டமே சொல்கிறது.

நிலத்தைப் பற்றி ஒரு விதி கட்டாயம் வேண்டும். சின்ன ஊரில் 'வளர்ச்சி' என்றால் பல சமயம் பேருந்து நிலையத்தை பைபாஸுக்கு மாற்றுவதுதான். மாற்றினால் அங்கே மனை வைத்திருப்பவருக்கு யோகம், பழைய நிலையத்தைச் சுற்றி இட்லிக்கடை, பூக்கடை வைத்திருப்பவருக்குப் பிழைப்பு போச்சு. எந்த இடத்தைப் பற்றிப் பேச்சு வருகிறதோ அங்கே தனக்கோ குடும்பத்துக்கோ நிலம் இருந்தால், உறுப்பினர் அதை எழுத்தில் சொல்லிவிட்டு அந்தப் பொருள் முடியும்வரை வெளியே உட்கார வேண்டும். இதைக் கேட்டால் யார் முகம் சுளிக்கிறார்கள் என்பதையும் கவனித்து வையுங்கள்.

செலவு, பதவிக்காலம் எல்லாம் சீக்கிரம் பார்த்துவிடலாம். கூட்டத்துக்கு வரும் உறுப்பினருக்கு அமர்வுப் படி உண்டா, நடவடிக்கைக் குறிப்பை எந்த எழுத்தர் எழுதுவார், இரண்டு வருடம் கழித்துத் தானாகக் கலையுமா. அவ்வளவு போதும்.

சந்தேகம் தீரவில்லையா? போன வருடம் மன்றம் எடுத்த ஒரு முடிவை எடுத்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், வாரச்சந்தைக் குத்தகையோ நகராட்சிக் கடை வாடகை உயர்வோ எதுவானாலும் சரி. இந்தக் குழு அப்போது இருந்திருந்தால் யார் என்ன சொல்லியிருப்பார்கள், அது முடிவை மாற்றியிருக்குமா? ஒரு முடிவைக்கூட மாற்றியிருக்காது என்று தோன்றினால், குழுவின் பலன் லெட்டர்பேடோடு நின்றுவிடும்.

திருத்தங்களை ஒரே பக்கத்தில் எழுதி, கூட்டத்துக்கு முன்பே ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பியதை யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

மீறியும் அப்படியே நிறைவேறிவிட்டால் ஆறு மாதம் விடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 4(1)(ஆ) பிரிவுப்படி, ஆலோசனைக்காக அமைத்த குழுக்கள் எவை, அவற்றின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததா, குறிப்புகள் பார்க்கக் கிடைக்குமா என்பதை அலுவலகம் தானாகவே வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கூட்ட நாட்கள், வருகைப் பதிவு, பரிந்துரைகளின் நகல், அவற்றின் மேல் மன்றம் போட்ட தீர்மானங்களின் நகல் என்று கேளுங்கள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது. நகல் கேட்டால் 30 நாளில் தர வேண்டும், இல்லையென்றால் அப்படி ஒரு ஆவணமே இல்லை என்று எழுதித் தர வேண்டும்.