மல்யுத்தப் போட்டி: ஒரு எடைக்குப் பள்ளியிலிருந்து எத்தனை பேர்?

மதுரைப் பக்கம் கபடிக்கு ஆள் எடுக்கச் சொன்னால் மதிய மணி அடிப்பதற்குள் பட்டியல் தயாராகிவிடும். மல்யுத்தம் என்றால்தான் புதிதாக வந்த உடற்கல்வி ஆசிரியர்கள் திகைத்து நிற்கிறார்கள். "ஒரு எடைக்கு எத்தனை பையனை எழுதலாம் சார்?" என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். பள்ளிகளுக்கிடையிலான போட்டிகளில் பொதுவாக ஒரு எடைப் பிரிவுக்கு ஒரு பள்ளியிலிருந்து ஒருவர்தான். அந்த ஒருவர் யார் என்று முடிவு செய்வதில்தான் வேலையே இருக்கிறது.

படி 1: சுற்றறிக்கையைக் கடைசி வரி வரை படியுங்கள்

வயதுப் பிரிவு, பிறந்த தேதி வரம்பு, ஃப்ரீஸ்டைலா (காலையும் பிடிக்கலாம்) கிரீகோ-ரோமனா (இடுப்புக்கு மேல் மட்டுமே பிடி), எடைகள், ஒரு எடைக்கு எத்தனை பேர் என்ற ஐந்தையும் பேனாவால் வட்டமிடுங்கள். சங்கங்களோ கிளப்புகளோ நடத்தும் திறந்த போட்டிகளில் இரண்டு பேரை விடுவதும் உண்டு. அதனால் போன வருட நினைப்பில் எழுதிவிடாதீர்கள்.

படி 2: எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள்

17 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஃப்ரீஸ்டைலில் சர்வதேச எடைகள் பத்து: 45, 48, 51, 55, 60, 65, 71, 80, 92, 110. எடைக்கு ஒருவர் என்றால் ஒரு பள்ளிக்கு அதிகபட்சம் பத்துப் பேர். பெண் பிள்ளைகளுக்கு 40 கிலோவில் தொடங்கி 73 வரை தனியாகப் பத்து. எல்லா இடத்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நாலே பேரோடு போகலாம்.

48 கிலோ பிரிவு என்றால் 45-ஐத் தாண்டியவர்கள் 48 வரை. மிகக் குறைந்த பிரிவுக்கும் ஒரு அடி வரம்பு உண்டு. 45 கிலோ பிரிவில் நிற்க 41-க்குக் குறையக் கூடாது.

படி 3: காலையில் எடை போடுங்கள்

சாப்பிடுவதற்கு முன், டிஜிட்டல் தராசில், ஒரு வாரத்தில் மூன்று நாள். பழைய முள் தராசை நம்பாதீர்கள். ஒரு நோட்டில் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறை தரும் மாணவர் எண்), மூன்று எடைகள் என்று கோடு போட்டு எழுதுங்கள்.

உதாரணத்துக்கு நாலு பையன்கள்: 44.2, 46.8, 47.5, 48.3. முதல்வன் 45-ல் நிற்பான். நடு இருவரும் 48-ல் மோதுகிறார்கள். 48.3 உள்ளவன் 51-க்குப் போய்விடுகிறான். 300 கிராம்தானே, இவனையும் 48-க்கு இறக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு, ஸ்வெட்டரை மாட்டி வெயிலில் ஓடவிடுவது பயிற்சியே அல்ல.

படி 4: ஒரே எடையில் இருவர் இருந்தால்

ஒரு முறை இந்த இடத்தில் நான் தவறினேன். யாரையும் விட மனசில்லாமல் ஒரே எடையில் இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டி நாளன்று மேசையில் இருந்தவர் இரண்டாவது பெயரைச் சிவப்பு மையில் அடித்தார். விதிப்படி அவர் செய்தது சரி. அந்தப் பையன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவன். எதுவும் பேசவில்லை. எடை போடக் கழற்றி வைத்த சட்டையை எடுத்து, ஒவ்வொரு பொத்தானாக மாட்டிக்கொண்டான். அந்த விரல்கள் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

அதிலிருந்து பெயர் கொடுக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே எல்லோர் கண் முன்னாலும் தேர்வுக் குஸ்தி வைக்கிறேன். இரண்டு நிமிடம், முப்பது வினாடி ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம். பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஃப்ரீஸ்டைலில் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டு வென்றவன் பெயர் போகும். தோற்றவனிடம் காரணத்தை நீங்களே நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

தோற்றவனை அடுத்த எடைக்கு ஏற்றலாமா? சர்வதேச விதியில் பெரியவர்கள் தங்கள் எடைக்கு ஒரு படி மேலே நிற்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சுற்றறிக்கை வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே ஏற்றுங்கள்.

இந்த ஒருவர் கணக்கு ஒலிம்பிக் வரை தொடர்கிறது. அங்கே ஒரு எடைக்கு ஒரு நாட்டுக்கு ஒருவர். 53 கிலோவில் இந்தியாவுக்கான இடத்தை 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வென்று வீராங்கனை அந்திம் பங்கால் பெற்றுத் தந்தார். அதுவரை 53-ல் ஆடிவந்த வினேஷ் போகாட் 50 கிலோவுக்கு இறங்கி, அதில் தகுதி பெற்று 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் போனார். இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடுதல் என்று தகுதி நீக்கப்பட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், கிராமின் மதிப்பு புரியும்.

படி 5: படிவம்

பெயர் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே இருக்கட்டும். தலைமையாசிரியர் கையெழுத்து, முத்திரை, பிறப்புச் சான்று நகல். எடைக் கட்டத்தில் பையனின் எடையை எழுதாமல் பிரிவை எழுதுங்கள்: 46.8 அல்ல, 48.

படி 6: போட்டி நாள் காலை

சர்வதேச விதிப்படி எடை பார்க்கும் நேரம் வெறும் அரை மணி. மல்யுத்த உடையோடுதான் ஏற வேண்டும், உடைக்கென்று எடையில் எதுவும் கழிக்க மாட்டார்கள். அந்த அரை மணிக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். நகம் நீளமாக இருந்தால் வெட்டச் சொல்வார்கள், ஆகவே பையில் நகவெட்டி இருக்கட்டும். தண்ணீர் பாட்டிலும் இட்லிப் பொட்டலமும் உங்கள் கையில் தயாராக இருக்கட்டும். தராசிலிருந்து இறங்கியதும் பையன் முதலில் தேடுவது அதைத்தான்.