பழைய மஸ்டாங் வாங்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் பழைய கார் விளம்பரங்களைப் புரட்டினால் முதல் தலைமுறை ஃபோர்டு மஸ்டாங் கண்ணில் படாமல் இருக்காது. "நன்றாகப் பராமரிக்கப்பட்டது, துரு இல்லை, எல்லாம் ஒரிஜினல், வாங்கி அப்படியே ஓட்டிப் போகலாம்" என்று சில வரிகள், கூடவே பளபளவென்று ஒரு சிவப்பு கார் படம். அதைப் பார்த்த அன்றைக்கே முன்பணம் அனுப்பிவிடுகிறவர்கள் உண்டு. விட்டால் கிடைக்காது என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்துக்கு அர்த்தமே இல்லை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 2,368 டாலர். சாதாரண சம்பளக்காரர் வாங்கட்டும் என்று வந்த கார் அது. 1965 மாடலில் 6,80,989 கார்களும், 1966 மாடலில் 6,07,568 கார்களும் தயாராயின. அதில் திறக்காத கூரையும் தனி டிக்கியும் உள்ள சாதாரண வகையான கூப்பே மட்டுமே பத்து லட்சத்துக்கு மேல். இத்தனை வருடத்தில் எத்தனையோ நொறுங்கிப் போயிருந்தாலும், சாதாரண கூப்பே ஒன்று கைநழுவினால் இன்னொன்று வரத்தான் செய்யும். ஓரளவு குறைவு என்று சொல்ல வேண்டுமானால் கூரை பின்னோக்கிச் சரியும் ஃபாஸ்ட்பேக். 1966-இல் 35,698 தான். அதற்குக்கூட ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

பெயின்ட்டைப் பார்த்து மயங்குவது

நல்ல பெயின்ட் என்றால் நல்ல கார் என்று நினைப்பதுதான் இதில் அதிகம் பணம் தின்னும் தவறு. மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியின் தகடுகளே ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு மொத்த எடையையும் தாங்குகின்றன. எனவே அடித்தகடு துருப்பிடித்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, காரின் எலும்பே போயிற்று என்று அர்த்தம்.

பார்க்க வேண்டிய முதல் இடம் முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துளைகள். அதற்கு அடியில் ஒரு பெட்டி போன்ற அறை இருக்கிறது. ஆங்கிலத்தில் கவுல் என்பார்கள். மழைநீர் அதற்குள் விழுந்து இரண்டு பக்கமும் வடிந்து போக வேண்டும். இலை, சருகு சேர்ந்து ஈரம் தங்கினால், காரின் உள்ளே காற்று வரும் துளையைச் சுற்றியுள்ள தகடு அரித்துவிடும். அதன் பிறகு ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் கால்மாட்டில் சொட்டும், கார்ப்பெட் ஊறும், அடியில் தரைத் தகடு ஓட்டையாகும். இந்த அறையைச் சரிசெய்ய முன்பக்க மட்கார்டுகளையும் பானெட்டையும் இறக்கி, வரிசையாக ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்தெடுத்து, புதுத் தகடு வைத்துத் திரும்பப் பற்றவைக்க வேண்டும். கூலி எங்கே போய் நிற்கும் என்று பட்டறைக்காரருக்கே முதலில் தெரியாது.

சோதனை சுலபம். கார்ப்பெட்டைத் தூக்கிவிட்டு, அந்தத் துளைகளில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில். "கார்ப்பெட் புத்தம் புதுசு" என்று பெருமையாகச் சொன்னாலும், பழையது ஏன் போனது என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது டிக்கி. இந்த கார்களில் பெட்ரோல் டேங்கின் மேல்பகுதியே டிக்கியின் தரை. நடுவில் வேறு தகடு இல்லை. டிக்கி விரிப்பை உருவிவிட்டு டேங்கின் ஓரம், பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் இணைப்பு இரண்டையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் வாசனை வந்தால் "பழைய கார்னா அப்படித்தான்" என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். முன்பக்கம் வலதுபுறம் பேட்டரிக்குக் கீழே உள்ள தகடு, ஆசிட் பட்டு அரித்திருக்கும். பின் சக்கர வளைவில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் உள்ளே இருப்பது தகடு அல்ல, ஓட்டையை மூடப் பூசிய பட்டி.

மேல்கூரை திறக்கும் கன்வெர்ட்டிபிள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கூரை இல்லாததால் கதவுக்குக் கீழே ஓடும் அடிக்கட்டைதான் காரை வளையாமல் பிடித்துக்கொள்கிறது. கதவைத் திறந்து மூடும்போது மேலே இடைவெளி ஒரு மாதிரியும் கீழே வேறு மாதிரியும் இருந்தால், கார் நடுவில் தொங்குகிறது.

இதெல்லாம் லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். அடிப்பகுதியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நல்ல தகட்டை யாரும் விற்பனைக்கு முதல் வாரம் மூடி மறைப்பதில்லை.

சின்னத்தை நம்பி விலை கொடுப்பது

ஃபோர்டு தனியாக விற்ற ஸ்போர்ட்ஸ் பேக்கேஜைக் குறிக்கும் ஜிடி என்ற இரண்டு எழுத்துக்காக ஆயிரக்கணக்கான டாலர் அதிகம் கொடுக்கிறார்கள். அந்தச் சின்னம், கிரில்லில் இருக்கும் பனி விளக்குகள், பக்கவாட்டுக் கோடுகள் எல்லாமே இன்று புதிதாகக் கடையில் கிடைக்கும். ஒரு சனிக்கிழமை போதும், சாதாரண மஸ்டாங்கை ஜிடி ஆக்கிவிடலாம்.

உண்மையைச் சொல்வது சேசிஸ் நம்பர். பானெட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க உள்மட்கார்டின் மேல்விளிம்பில் அது அடிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கம் மாடல் வருடம். இரண்டாவது எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் சான் ஹோசே, டி (T) என்றால் மெட்டச்சன். அடுத்த இரண்டு இலக்கம் பாடி வகை. 07 கூப்பே, 08 கன்வெர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக். ஐந்தாவது இடத்தில் எஞ்சின் எழுத்து.

ஜிடி என்பது இந்த நம்பரில் எங்கேயும் இருக்காது. ஆனால் ஜிடி இல்லை என்பதை இதை வைத்தே நிரூபித்துவிடலாம். 1965, 66-இல் ஜிடி வாங்க வேண்டுமானால் நான்கு காற்றுக்குழாய் உள்ள (நான்கு பேரல்) கார்புரேட்டர் கொண்ட 289 கன அங்குல எட்டு சிலிண்டர் எஞ்சின் (வி8) கட்டாயம். எழுத்து ஏ அல்லது கே. எனவே சி (C) என்றோ டி (T) என்றோ எழுத்து உள்ள "ஜிடி" கம்பெனி ஜிடி அல்ல. ஜிடி பேக்கேஜ் வந்ததே 1965 ஏப்ரலில்தான். ஆக 1964-இல் செய்த கார் ஜிடியாக இருக்க வழியில்லை. எழுத்து பொருந்திவிட்டால் அதோடு விடாமல் கீழே குனிந்து, பின்பக்கம் சைலன்சர் தொங்கும் இடத்தில் கம்பெனி பற்றவைத்த வலுத்தகடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். போலி செய்பவர்கள் அவ்வளவு தூரம் போவது குறைவு.

டி (T) என்ற எழுத்து 200 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினைக் குறிக்கும். அந்த கார்களின் சக்கரத்தில் நான்கு நட்டு, வி8 என்றால் ஐந்து. நம்பரில் டி இருந்து உள்ளே வி8 உறுமினால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள். ஓட்டுவதற்கு நன்றாகவே இருக்கலாம். பிரேக், பின் ஆக்சில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினார்களா என்று கேட்டுவிட்டு, விலையை மட்டும் மாற்றப்பட்ட காருக்கான விலையாகப் பேசுங்கள்.

கதவில் இருக்கும் தகவல் பட்டையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதுவும் புதிதாக அடித்துத் தருகிறார்கள்.

அப்புறம் "எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் பொருந்துகிறது" என்ற வாக்கியம். 1965, 66 மஸ்டாங்குகளில் 271 குதிரைத்திறன் கே எஞ்சினில் மட்டுமே சேசிஸ் நம்பர் அடித்தார்கள். சி, ஏ, டி எஞ்சின்களில் அப்படி எதுவும் கிடையாது. பொருந்துவதற்கே நம்பர் இல்லாத காரில் பொருந்துகிறது என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அங்கே பார்க்கக்கூடியது எஞ்சினை வார்த்த தேதி மட்டும்: 5சி12 என்றால் 1965 மார்ச் 12 (சி மூன்றாவது எழுத்து, எனவே மூன்றாவது மாதம்). கார் கட்டப்பட்டதற்குச் சில வாரம் முன்பு அந்தத் தேதி வந்தால் சரி, அதே எஞ்சினாக இருக்க வாய்ப்பு உண்டு. பின்னால் வந்தால் நிச்சயம் வேறு.

கதையை நம்புவது

"42 ஆயிரம் மைல்தான் ஓடியிருக்கிறது." மீட்டரில் மைலுக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். எழுத்தில் ஆதாரம் இல்லாவிட்டால் அதை 1,42,000 என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசலாம்.

"கலிஃபோர்னியா கார், கறுப்பு நம்பர் பிளேட் பாருங்க." 1960-களின் கறுப்பில் மஞ்சள் எழுத்து கொண்ட பிளேட்டை அந்த மாநிலம் இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் புதிதாகவே தருகிறது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தயாரானது என்பதும் துரு இல்லை என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. தயாரானது அங்கே, இருபது குளிர்காலம் பனி கரைய உப்புக் கொட்டிய மிச்சிகன் சாலையில் ஓடியிருக்கலாம்.

1964 கோடையில் வந்த கார்களை அறுபத்து நாலரை மாடல் என்று தனி விலை சொல்வார்கள். கம்பெனி கணக்கில் எல்லாமே 1965 தான். பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால் 1964 ஆகஸ்டுக்கு முந்தையது என்று ஓரளவு நம்பலாம். அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பதா என்பது உங்கள் ஆசையைப் பொறுத்தது. நான் கொடுக்க மாட்டேன்.

வாங்கிய பிறகு

உண்மையிலேயே அசல் பெயின்ட்டோடு மிஞ்சியிருக்கும் கார் கிடைத்துவிட்டால், அதற்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். கீறலும் மங்கலும் இருந்தாலும் அதுதான் மதிப்பு. சீட் துணி, ஸ்டியரிங், பழைய ரசீதுகள் எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

ஆனால் பாதுகாப்பில் இந்தப் பிடிவாதம் கூடாது. 1966 வரை பிரேக்கில் ஒரே ஆயில் பாதை. எங்கே ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரமும் பிடிக்காது. முன்னும் பின்னும் தனித்தனிப் பாதை 1967-இல்தான் வந்தது. அந்த இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பழைய காரிலும் பொருத்தலாம், கழற்றிய பழையதைப் பெட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். டயரின் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் வாரம், கடைசி இரண்டு வருடம்: 2009 என்று இருந்தால் 2009-ஆம் வருடத்தின் 20-ஆவது வாரத்தில் செய்தது. வெயில் படாத கொட்டகையில் நின்ற கார்களில் புதுசு போலத் தெரியும் கிழட்டு டயர்கள் சகஜம். ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை இளக்கிவிடும்.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது, நீங்களும் கம்பெனியும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை முழுசாகத் தரும் பாலிசியா என்று எழுத்தில் கேளுங்கள். நீங்கள் ஒரு தொகையை அறிவித்து, அதற்கு பிரீமியமும் கட்டி, விபத்து நடந்த பிறகு அவர்கள் தேய்மானம் கழித்துக் கணக்குப் போடும் பாலிசியும் உண்டு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.