கடைசியில் வருபவர் அடுத்த வாரமும் வர வேண்டுமென்றால்: குழு சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பேர் சேர்ந்து சைக்கிளில் கிளம்புகிறார்கள். இரண்டு பேர் தினமும் ஓட்டுகிறவர்கள். நான்கு பேர் வாரம் ஒரு முறை, மூன்று பேர் எப்போதாவது. ஒருவர் பள்ளி நாட்களுக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி பெடலில் கால் வைக்கிறார். பேசிக்கொண்டே போய், பேசிக்கொண்டே திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம். பாதி வழியில் பார்த்தால் முன்னால் போன நான்கு பேரைக் காணோம். நடுவில் ஒரு சிறு கூட்டம். கடைசியில் அந்த ஒருவர் தனியாக மிதித்துக்கொண்டு வருகிறார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. கேட்டால், வீட்டில் வேலை இருக்கிறது என்பார்.

சில ஆண்டுகளாக இப்படிப்பட்ட ரைடுகளை நடத்தி வருகிறேன். தொடக்கத்தில் எப்போதும் முன்னால்தான் போவேன். முழங்கால் வலி வந்து இரண்டு மாதம் கடைசி ஆளாக ஓட்ட வேண்டியிருந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. குழுவில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை முன்வரிசையில் நடக்கின்றன. அவற்றின் வலி கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்கிறது. முன்னால் இருப்பவர் தவறு செய்வது அவருக்கே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அழைப்பிலேயே தொடங்கும் தவறு

"ஞாயிறு காலை ஈஸி ரைடு, 40 கி.மீ., எல்லாரும் வரலாம்." வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போட்டால் போதும் என்று நினைப்பது முதல் தவறு. தினமும் ஓட்டுகிறவருக்கு ஈஸி என்பது வேறு, புதியவருக்கு ஈஸி என்பது வேறு. தூரம் மட்டும் சொன்னாலும் பயனில்லை. சமதளத்தில் 40 கி.மீ. போவதும், மொத்தம் 600 மீட்டர் மேடேறி 40 கி.மீ. போவதும் ஒன்றல்ல.

வேகத்தைச் சொல்லும்போதும் ஒரு குழப்பம் வருகிறது. சராசரி 20 கி.மீ. என்று ஒருவர் எழுதுகிறார். மேடு, சிக்னல், திருப்பம் எல்லாவற்றையும் சேர்த்து அந்தச் சராசரி வர வேண்டுமென்றால் சமதளத்தில் 24, 25-ல் மிதிக்க வேண்டியிருக்கும். படிப்பவர், எந்த நேரத்திலும் 20-க்கு மேல் போக மாட்டார்கள் என்று நம்பி வருகிறார். அதனால் சமதளத்தில் என்ன வேகம் என்று எழுதுங்கள். கூடவே தூரம், மொத்த ஏற்றம், எத்தனை இடத்தில் நிற்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதையும் எழுதுங்கள். யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் காப்பாற்றியே ஆக வேண்டும். வேகமாகப் போகும் ரைடு என்றால் அப்படியே சொல்லிவிடுவது நல்லது. அதில் தவறே இல்லை.

மேட்டின் உச்சியில் காத்திருப்பது

இதைத்தான் எல்லாரும் செய்கிறோம், நல்ல மனதோடும் செய்கிறோம். வேகமானவர்கள் உச்சிக்குப் போய் நிற்கிறார்கள். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, படம் எடுத்துக்கொள்கிறார்கள். கடைசி ஆள் முகம் சிவந்து வந்து சேர்கிறார். "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாமா?" யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. தேவையே இல்லாதவர்களுக்கு ஐந்து நிமிடம். மூன்று மேடுகளில் இப்படி நடந்தால் நான்காவது மேட்டில் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்.

ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் கணக்கிட வேண்டும். அவர் தண்ணீர் குடித்து, மூச்சு சீராகி, "போகலாம்" என்று தானாகச் சொல்லும்வரை யாரும் சைக்கிளில் ஏற வேண்டாம். காத்திருக்கும் நேரம் அலுப்பாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் மேட்டில் பாதி தூரம் இறங்கி வந்து, கடைசி ஆளோடு மறுபடி ஏறலாம். அவர்களுக்கு உடற்பயிற்சி, கடைசி ஆளுக்குப் பேச்சுத் துணை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: இறங்கி வந்தவர் பேசலாம், ஆனால் பதிலை எதிர்பார்க்கக் கூடாது. மேடேறுகிறவரிடம் பேச மூச்சு இருக்காது.

திருப்பத்துக்குப் பிறகு வேகமெடுப்பது

கடைசியில் ஓட்டிய இரண்டு மாதத்தில் என்னை அதிகம் களைக்க வைத்தது இதுதான். ஒரு திருப்பத்தில் பத்துப் பேரும் வேகம் குறைத்து, ஒருவர் பின் ஒருவராகத் திரும்புகிறார்கள். முன்னால் இருப்பவர் திரும்பியதும் பழையபடி 20 கி.மீ. வேகத்துக்குப் போய்விடுகிறார். கடைசி ஆள் திரும்பி முடிக்க 20 விநாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் முன்னால் இருப்பவர் ஏறக்குறைய 110 மீட்டர் போயிருப்பார். அந்த இடைவெளியை 25 கி.மீ. வேகத்தில் ஓட்டி நிரப்ப 80 விநாடி ஆகும். முழு மூச்சோடு மிதித்தாலும் 22 கி.மீ.க்கு மேல் போக முடியாதவர் என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும்.

குழுவின் வேகம் 20 கி.மீ.தான் என்று முன்னால் இருப்பவர் மனதாரச் சொல்வார், அவர் மீட்டரும் அதைத்தான் காட்டும். பின்னால் இருப்பவருக்கு அந்த ரைடு முழுவதும் துரத்தல்தான்.

திருத்துவது எளிது. திருப்பம், சிக்னல், வேகத்தடை, குறுகிய பாலம் என எதைக் கடந்தாலும் மெதுவாக உருட்டிக்கொண்டே போங்கள். பின்னாலிருந்து "வந்தாச்சு" என்ற குரல் வர வேண்டும், அது வாய்மாற்றி முன்னால் வந்து சேர வேண்டும். அதன் பிறகு வேகத்தைக் கூட்டினால் போதும். முன்னால் இருப்பவர் கேட்காமல் தானே யூகித்துக்கொண்டு போகக் கூடாது.

பலம் குறைந்தவரைக் கடைசியில் விடுவது

மெதுவாக வருகிறவர் தானாகவே கடைசிக்குப் போய்விடுகிறார், அதை இயல்பு என்று விட்டுவிடுகிறோம். மேலே சொன்ன துரத்தல் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. புதியவருக்குச் சரியான இடம் முன்னாலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது. அங்கே துரத்தல் குறைவு. முன்னால் இருப்பவர் காற்றைத் தடுப்பதால் மிதிப்பதும் எளிது.

காற்றின் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. காற்றை எதிர்த்துப் போகத் தேவைப்படும் சக்தி வேகத்தின் கனத்துக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடுகிறது. 20-லிருந்து 25 கி.மீ.க்குப் போனால் காற்றுக்காக மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும். "அஞ்சு கி.மீ.தானே கூட்டினோம்" என்று முன்னால் இருப்பவர் நினைப்பது, தன் எல்லையில் ஓட்டுகிறவருக்கு எட்டாத உயரம். ஆனால் முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி ஓட்டப் பழகாத ஒருவரை நெருங்கி வரச் சொல்லாதீர்கள். ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி இருக்கட்டும். அதிலும் ஓரளவு காற்று மறையும்.

முன்னால் போகிறவரின் வேலை வேகமாகப் போவதல்ல, சீராகப் போவது. இதை மிகப் பழைய குழுப் பயணங்களே காட்டியிருக்கின்றன. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச் 1904-ல் பிரான்சில் தொடங்கிய ஆடாக்ஸ் பயணங்களில் எல்லாரும் ஒரே கூட்டமாகத்தான் போவார்கள். இன்றும் அந்தப் பாணியில் கேப்டன்கள் பொதுவாக மணிக்கு 22.5 கி.மீ. வேகத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எவ்வளவு வலுவானவராக இருந்தாலும் கேப்டனை முந்தக் கூடாது. 200 கி.மீ. ஓட்டுகிறவர்களுக்கே அந்தக் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டு போகும் இருவரிடம் வரும் ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் எப்போதும் அரைச் சக்கரம் முன்னாலேயே இருப்பார். மற்றவர் சரிக்குச் சரி வருவதற்காக வேகம் கூட்டுவார். இவர் மறுபடி அரைச் சக்கரம் முன்னால் போவார். இருவருக்குமே தெரியாமல் மொத்தக் குழுவின் வேகமும் ஏறிக்கொண்டே போகும். ஹேண்டில்பார்கள் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். இருவர் பக்கத்துப் பக்கத்தில் போகலாமா என்பது அந்தந்த இடத்துச் சட்டத்தையும் சாலையின் அகலத்தையும் பொறுத்தது. சந்தேகம் இருந்தால் ஒற்றை வரிசைதான்.

காலைக் குறை சொல்லி, சைக்கிளைப் பார்க்காமல் விடுவது

ஒருவர் பின்தங்கினால் "பழக்கம் இல்லை, போகப் போகச் சரியாகும்" என்று சொல்லிவிடுகிறோம். முதலில் அவருடைய சைக்கிளைப் பாருங்கள். பல முறை நான் கண்டது, சீட் மிகவும் தாழ்வாக இருக்கும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். நன்றாக மடங்கியிருந்தால் தொடை சீக்கிரம் எரியும், முழங்காலும் வலிக்கும். டயரில் காற்று குறைவாக இருக்கும். பிரேக் கட்டை ரிம்மில் உரசிக்கொண்டே வரும். செயின் காய்ந்து கிறீச்சிடும். இவற்றில் இரண்டு சேர்ந்தாலே மனிதர் பாதித் தெம்பை வீணாக்கிக்கொண்டு வருகிறார் என்று அர்த்தம்.

கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால் எல்லாரும் வந்துவிட்டால் இதையெல்லாம் அங்கேயே சரிசெய்துவிடலாம். காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். மேட்டுக்கு முன்பே லேசான கியருக்கு மாற வேண்டும் என்பதையும் புதியவருக்கு அங்கேயே காட்டிக்கொடுங்கள். நடு மேட்டில், முழு பலத்தோடு மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழலலாம்.

பஞ்சருக்கும் முன்பே யோசிக்க வேண்டும். கலவையான குழுவில் சக்கர அளவு ஒன்றுபோல இருக்காது. ஒருவருடைய டியூப் இன்னொருவருக்குப் பொருந்தாது. அவரவர் டியூபை அவரவர் கொண்டுவரச் சொல்லுங்கள், மாற்றத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வால்விலும் ஒல்லியானது, தடித்தது என வகைகள் உண்டு. இரண்டுக்கும் பொருந்தும் பம்ப் ஒன்று குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கடைசிக் காவலுக்கு யாரும் இல்லாமல் போவது

கடைசி ஆளுக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும். ஸ்வீப் என்பார்கள். இந்த வேலையைக் குழுவின் வலுவான ஆட்களில் ஒருவர்தான் செய்ய வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவராக, பொறுமையானவராக, முன்னால் இருப்பவரின் போன் எண் வைத்திருப்பவராக இருக்கட்டும். அவரை யாரும் பின்னால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவரும் யாரையும் முந்தக் கூடாது.

திருப்பங்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. வழி மாறும் இடம் வந்ததும் இரண்டாவதாக வருபவர் அங்கேயே ஓரமாக நின்று, வருகிறவர்களுக்கு வழிகாட்டுவார். ஸ்வீப் வந்ததும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்வார். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் நிற்பார். இதனால் யாரும் வழி தவற மாட்டார்கள். வரிசையும் தானாக மாறி, எல்லாரும் எல்லாரோடும் பேசக் கிடைக்கும். புதியவரை மட்டும் நிற்க வைக்க வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.

வேகமானவர்களை மறந்துவிடுவது

மெதுவாக ஓட்டுவது வலுவானவர்களுக்கு உண்மையிலேயே அலுப்பூட்டும். அதைக் குற்றமாகப் பார்த்தால் அவர்களும் வராமல் போவார்கள். வழிகாட்டுவது, ஸ்வீப்பாக வருவது, மேட்டில் இரண்டாம் முறை ஏறுவது என வேலை கொடுங்கள். பாதையை அமைக்கும்போதே, விரும்புகிறவர்கள் ஐந்தாறு கி.மீ. கூடுதலாகச் சுற்றி வந்து அடுத்த நிறுத்தத்தில் சேர்ந்துகொள்ளும்படி ஒரு கிளைவழி வைக்கலாம். மின்சார சைக்கிளில் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். மேட்டில் அவர்கள் முன்னே போய்விடுவார்கள். ஆனால் பல நாடுகளில் 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் உதவாது. பேட்டரி தீர்ந்துவிட்டால் அந்தக் கனமான வண்டியைக் காலால்தான் ஓட்ட வேண்டும். கிளம்பும் முன் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

பாதையைப் பற்றிப் பேசும்போது காற்றையும் பார்க்க வேண்டும். போகும்போது எதிர்க்காற்றும், திரும்பும்போது பின்காற்றும் இருக்கும்படி அமையுங்கள். மாற்றி அமைத்தால், போகும்போது தங்களுக்கு நல்ல தெம்பு இருக்கிறது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள். உண்மை திரும்பும்போது, களைத்த பிறகுதான் தெரியும். நடுவில் எங்கேயாவது குறுக்கு வழியில் வீடு திரும்ப வாய்ப்பு இருப்பதும் முக்கியம்.

"இன்னும் கொஞ்ச தூரம்தான்"

எட்டு கி.மீ. மீதி இருக்கும்போது இப்படிச் சொல்லாதீர்கள். கொஞ்ச தூரம் என்று நம்பி மிச்சமிருந்த தெம்பையும் செலவழித்துவிட்டு அவர் பார்க்கும்போது பாதை நீண்டுகொண்டே போகும். எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள், நடுவில் ஒரு மேடு இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். மனிதர்கள் உண்மையான எண்ணைத் தாங்கிக்கொள்வார்கள்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை "பரவாயில்லையா? முடியுதா?" என்று கேட்பதும் வேண்டாம். அக்கறையில்தான் கேட்கிறோம், ஆனால் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். "உனக்காகத்தான் நிற்கிறோம்" என்ற தொனி எந்த வடிவத்திலும் வர வேண்டாம். தள்ளிவிடுகிறேன் என்று முதுகில் கை வைப்பதும் வேண்டாம். கேட்காமல் செய்வது மரியாதை இல்லை, பழகாதவர் தடுமாறி விழவும் கூடும். பக்கத்தில் ஓட்டிக்கொண்டு சைக்கிளைப் பற்றியே இல்லாத ஏதாவது ஒன்றைப் பேசிக்கொண்டு வாருங்கள். அது போதும்.

ரைடு முடிந்த அன்று மாலை, கடைசியில் வந்தவருக்குத் தனியாக ஒரு போன் செய்வது என் வழக்கம். நன்றாக ஓட்டினீர்கள் என்று சொல்வதற்காக அல்ல. எந்த இடத்தில் கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேட்பேன். மூன்றாவது பாலத்துக்கு அப்புறம் எல்லாரும் திடீரென்று வேகமெடுத்தீர்கள் என்று ஒருமுறை ஒருவர் சொன்னார். முன்னால் ஓட்டியது நான்தான். எனக்கு நினைவே இல்லை. அடுத்த வாரம் அதே பாதையில் போனோம், பாலத்தைத் தாண்டியதும் "வந்தாச்சு" என்ற குரல் வரும்வரை உருட்டிக்கொண்டே போனேன். அந்தக் குரல் அவருடையது.