கடுங்குளிரில் ஆர்வி: முதலில் குழாயைக் காப்பாற்றுங்கள்

மினசோட்டாவிலோ ஒன்டாரியோவிலோ ஜனவரியில் ஆர்வியில் (வீடுபோலத் தங்கும் வசதியுள்ள வண்டியில்) தங்குகிறவர்களுக்கு உள்ளே குளிர்வது பெரிய சிக்கல் இல்லை. இன்னொரு கம்பளி போர்த்திக்கொள்ளலாம். தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்க் குழாயும் தொட்டியும் உறைந்து வெடித்தால்தான் செலவு. அறை கதகதப்பாக இருக்கும்போதே அது நடக்கும்.

காரணம் எளிது. குளிர்காலத்துக்கென்று கட்டிய பல ஆர்விகளில் புரொப்பேன் கேஸில் எரியும் ஃபர்னஸின் (சூடாக்கும் கருவியின்) சூடான காற்றில் ஒரு பங்கு அடிப்பகுதிக்கும் போகிறது. ஃபர்னஸை இயக்கும் தெர்மோஸ்டாட்டோ மேலே அறைக்குள் இருக்கிறது. கேஸை மிச்சப்படுத்த மின் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் அறை சூடாகும், ஃபர்னஸ் ஓடாது, கீழே எல்லாம் உறையும். அதனால் வெளியே பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனதும் மின் ஹீட்டரை 750 வாட்டுக்குக் குறைத்துவிடுங்கள். ஃபர்னஸ் அவ்வப்போது ஓடட்டும். தண்ணீர் பம்ப் அருகே ஒரு வயர்லெஸ் தெர்மாமீட்டர் வையுங்கள். அது 3 டிகிரி காட்டினால் மின் ஹீட்டரை நிறுத்திவிடுங்கள்.

1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். ஒரே சர்க்யூட்டில் இரண்டு போட்டால் பிரேக்கர் விழும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் போட்டால் பிளக் உருகும். அது இன்னும் மோசம்.

எந்த ஹீட்டராக இருந்தாலும் முதலில் ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். கூரை வென்ட்டுகள் பெரும்பாலும் 14 அங்குலச் சதுரம். அதற்கேற்ற ஃபோம் மெத்தை கிடைக்கும். ஜன்னல்களுக்கு உள்பக்கம் சுருங்கும் பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டுங்கள். ஒரே இடத்தில் பல வாரம் நிற்பதானால் 2 அங்குல ஃபோம் பலகையால் வண்டியைச் சுற்றித் தரைவரை மறைத்துவிடுங்கள். செலவிட்ட பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் வேலை வேறில்லை. ஃபர்னஸின் புகைவாயையும் கேஸ் பெட்டியின் காற்றுத் துளைகளையும் மட்டும் மறைக்கக் கூடாது. பனி பெய்த ஒவ்வொரு முறையும் புகைவாயைத் துடைத்துவிடுங்கள்.

கேஸ் கணக்கு: 20 பவுண்டு சிலிண்டரில் சுமார் 4,30,000 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் இருக்கிறது. மணிக்கு 30,000 பிடியு எரிக்கும் ஃபர்னஸ் இடைவிடாமல் எரிந்தால் 14 மணி நேரம் வரும். பாதி நேரம் எரிந்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியில்தான் கொதிக்கிறது. ஆனால் ஆவியாகும்போது தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். மைனஸ் 25-இல் கால் பங்கே மிஞ்சிய சிலிண்டரில் அழுத்தம் குறைந்து ஃபர்னஸ் அணைந்துபோகலாம். காலியாகும்வரை காத்திருக்காமல் இரவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

ஃபர்னஸின் விசிறி ஓடுகிறது, சூடு வரவில்லை என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். விசிறிக்கு 7 முதல் 10 ஆம்பியர் வேண்டும். வோல்டேஜ் 11-க்குக் கீழே இறங்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும். காற்று போதாததால், காற்றோட்டத்தை உணரும் செயில் சுவிட்ச் மூடாது. அது மூடாமல் பற்றவைப்பு நடக்காது. லித்தியம் பேட்டரி வைத்திருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றாதீர்கள், அதை அறைக்குள் வையுங்கள்.

புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டரை நம்பித் தூங்காதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாகி உள்ளேயே தங்கும். மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிப்பது அதனால்தான். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு வென்ட்டைச் சற்றே திறந்துவையுங்கள். கொஞ்சம் சூடு போனாலும் பரவாயில்லை. சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனை இல்லாமல் கொல்லும். அலாரத்தின் பொத்தானை வாரம் ஒருமுறை அழுத்திச் சோதியுங்கள்.

கழிவு வால்வை மூடியே வைத்திருந்து, தொட்டி நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். திறந்தே கிடந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். குடிநீருக்கும் அதே போலத்தான்: தொட்டியை நிரப்பிக்கொண்டு ஹோஸைக் கழற்றி, தண்ணீரை வடித்து உள்ளே வையுங்கள்.